நமுனுகுலவில் பாதியில் நின்ற தாளம்

கல்லூரி விழாவில் ராஜு தப்புப் பறை வாசிக்கப் போவதில்லை. அவனோடு பாடும் சிவகாமி நேற்று பதுளை பஸ் நிலையத்தில் இதை என்னிடம் உறுதியாகச் சொன்னாள்.

தேயிலைத் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்ட மறுவருடம் இது. எழுதிவைக்காமல், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும்படி பதுளைக் கல்லூரியின் இசை ஆசிரியர் தம் மாணவர்களைப் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை அவர்களோடு போனேன். பசறை வழியாக நமுனுகுலவுக்கு இரண்டு மணி நேரம்; வளைவுகள் அதிகம், முன் இருக்கையில் உட்காருங்கள்.

அங்கே ராஜுவின் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. திருவிழா அடியில் தொடங்கினான். சிவகாமி சொல்லே இல்லாமல் ராகம் இழுத்தாள். அவன் வேகத்தைக் கூட்டினான், காலையில் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுத் தப்பு போல.

"என்னடா, பெரட்டுக்கு ஆள் கூப்பிடுறியா?"

"பேசாம பாடு புள்ள!"

பிறகு அடியைத் தளர்த்தி, நடுவில் இடைவெளி விட்டான். அவளும் அந்த இடைவெளிக்குள் மெல்ல இறங்கினாள். அன்று கேட்டதிலேயே சிறந்தது அதுதான் என்று நினைத்தேன்.

மலைச்சரிவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். கொழுந்துக் கூடையின் கயிறு இன்னும் தலையில் இருந்தது. ராஜுவின் அத்தை பொன்னம்மா; கணவர் ஒரு வாரமாகப் பதுளை ஆஸ்பத்திரியில்.

"ராஜு, ஒங்க மாமாவா? சொல்லுப்பா, அவருதானா?"

"இல்லத்தே... சும்மா பாட்டுக்கு..."

"சும்மாவா? சும்மா அடிக்கிற அடியாடா அது?"

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் சாவை அறிவிப்பது, இடைவெளி விட்டு அடிக்கும் அந்த அடிதான். ஆள் அனுப்பிச் சொல்வதில்லை. எங்களுக்குப் புதிதாகக் கேட்டது, கீழே கொழுந்து பறித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. ராஜுவும் அங்கே பிறந்தவன்தான். கை போன போக்கில் போனவன், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கவனிக்கவில்லை. பெண்கள் பொன்னம்மாவைத் தாங்கிக் கூட்டிப்போனார்கள். மறுபடி யாரும் வாசிக்கவில்லை.

போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

வாசிக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்ததாகச் சிவகாமி சொன்னாள். "மாமா நடந்து லயத்துக்கு வரட்டும், அப்புறம் தொடுறேன்னு சொல்றான்ங்க. தெனமும் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறான்."

பிழைப்பாரா என்பதைப் புதன்கிழமை சொல்வதாக டாக்டர் கூறியிருக்கிறார். விழா வெள்ளிக்கிழமை.