பால்கனி வெயிலும் கொச்சிக்காய்க் கன்றுகளும்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, ஒன்பது வயதில் நான், என் தம்பி. ஜன்னலோரம் ஹீட்டருக்கு மேலே யோகட் டப்பாக்களில் நின்ற கொச்சிக்காய்க் கன்றுகளையும் சேர்த்துக்கொள் என்று அம்மா சொல்லியிருப்பார். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மிளகாயை அப்படித்தான் சொல்வோம். பெரியம்மா ஊரிலிருந்து அனுப்பிய, காய்ந்த செத்தல் மிளகாயை உடைத்து, விதையை ஈரத்துணியில் முடிந்து, மாசிக் குளிரில் அம்மா முளைக்கவைத்தவை அவை.

நாங்கள் வந்து சேர்ந்திருந்த குளிர்தேசத்து நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்களுக்கு ஒரு அறையும் ஒரு கூடமும். எல்லோரும் அந்த டப்பாக்களுக்கு ஒதுங்கித்தான் நடந்தோம். காலையில் எழுந்ததும் நான் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது, இரவில் ஏதாவது ஒன்று செத்துவிட்டதா என்றுதான். தொடாதே என்று அம்மா சத்தம் போடுவார்.

அது சனிக்கிழமை. அம்மா கட்டடத்தின் நிலவறையில் இருந்த மெஷினில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தார். டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரவெல்லாம் கோப்பை கழுவிவிட்டு வந்து படுத்திருந்த மாமா, எழுந்து திரைச்சீலையை விலக்கினார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, கண்ணைக் கூசவைக்கிற வெயில்.

"அத்தான், வெயில் எறிக்கிற எறிப்பப் பாருங்க! கண்டுகள இப்பிடி உள்ளுக்கு அடைச்சு வச்சா வெளிறிப் போகும். கொஞ்சம் காலை வெயில் காட்டுவம்."

அப்பாவும் தலையாட்டினார். ஊரில் நாற்றுமேடைக்குப் போட்ட தென்னோலைக் கிடுகைக் காலையில் விலக்கி வெயில் காட்டுவது இரண்டு பேருக்கும் கைபழகிய வேலை. வெயில் இருந்தால் சூடும் இருக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

"மாமா, அதுகளுக்குக் குளிருமே."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல, புள்ள?"

டப்பாக்கள் பால்கனிக்குப் போயின. கதவைச் சாத்திவிட்டு இருவரும் தேநீர் போட்டார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் இலைகள் கண்ணாடிபோல் விறைத்துவிட்டன. பதறி உள்ளே கொண்டுவந்ததும் அவித்த கீரைபோலச் சரிந்தன.

அம்மா உடுப்புக் கூடையோடு வந்து நின்றார். யாரும் ஏசுவதற்கு முன்பே நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"அக்கா, வெயில் எண்டு நம்பி..." என்று மாமா இழுத்தார். குளிருக்கா வெட்கத்துக்கா தெரியவில்லை, அவர் காது சிவந்திருந்தது.

"போன வருசம் இதே வெயில நம்பித்தான் நான் செருப்போட கடைக்குப் போனன். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

அவ்வளவுதான் அம்மா சொன்னது. கறித்தூள் இடிக்க வைத்திருந்த மிச்சச் செத்தலை எடுத்துவந்து, நிலத்தில் உட்கார்ந்து உடைக்கத் தொடங்கினார். எல்லோருக்கும் தும்மல் வந்தது.

அப்பா மெல்லச் சொன்னார். "இனிப் போட்டு இது எப்ப காய்க்கிற? சித்திரையில எங்கட அகதி விசாரணை. இருக்க விடுவாங்களோ, திருப்பி அனுப்புவாங்களோ தெரியாது. அதுக்குள்ள..."

"விசாரணை உங்களுக்கும் எனக்கும். கண்டுக்கு இல்ல." அம்மா தலை நிமிரவில்லை. பிறகு மாமாவிடம், "டேய், உன்ட கடையில ஊறுகாய் வாற பெரிய வாளி சும்மா கிடக்குதெண்டாயே. கேட்டு எடுத்துக்கொண்டு வா. ஒவ்வொரு கண்டுக்கும் ஒண்டு வேணும். இந்த டப்பாக்குள்ள எத்தின நாளைக்கு நிக்கும்?"

"திருப்பி அனுப்பினா, அவ்வளவு வாளியையும் மறுகா எங்க தூக்கிக்கொண்டு போற?" என்றார் அப்பா.

"எங்கயும் கொண்டு போறல்ல."

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு செத்தலை எடுத்து உடைத்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவு வாளியும் வந்துவிட்டால் தம்பியும் நானும் பாய் விரிக்க இடமிருக்காதே என்பதுதான், அன்றைக்கு அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பிரச்சினை.