புறாக் காற்று

என் கணவருக்கு மூத்த தாரம் மொட்டைமாடியில் இருந்தது. பந்தயப் புறாக்கள். தோல் மண்டியிலிருந்து வந்தால் அவற்றுக்குத் தீனி வைத்த பிறகுதான் என் முகத்தையே பார்ப்பார்.

போன வருஷம் அவருக்குத் தலைவலி வந்தது. தைலம் தேய்த்தார், ஆவி பிடித்தார், விடவில்லை. கை கால் விழுந்தவர்களைக்கூட எங்கள் தெருவில் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். இறக்கைக் காற்று பட்டால் நோய் போகுமாம். இவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். "புறாக் காத்து பட்டாச் சரியாயிரும்," என்றார். தினமும் அங்கேதான் கிடந்தார். வாந்தி வந்து, கழுத்து விறைத்து, என்னைப் பார்த்தே "யாரு?" என்று கேட்ட அன்று மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சை என்றார் டாக்டரம்மா. புறா எச்சம் காய்ந்து தூசியாகும்போது அந்தப் பூஞ்சை மூச்சில் போகலாமாம். "எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாதும்மா. இவரு மூட்டுவலிக்கு ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்காருல்ல, உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்ல." புறாவால்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

நரம்பில் மருந்து இறங்கும்போது கட்டில் ஆட நடுங்குவார். தலைக்குள் அழுத்தம் கூடினால் மறுபடி முதுகில் நீர் எடுப்பார்கள். எப்படியோ பிழைத்து எழுந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை உண்டு. பாதியில் விட்டால் திரும்ப வந்துவிடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ, "தலவலிதான் போயிருச்சே, இன்னும் எதுக்கு இது?" என்று மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார். நான் போடாத சண்டை இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

புறாக்களை வத்தலக்குண்டில் இருக்கும் சிநேகிதருக்குக் கொடுத்திருந்தோம். கூண்டையும் பிரித்தாகிவிட்டது. ஒருநாள் காலைத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டுச் சுவரில் அவருடைய சாம்பல்நிறப் பெட்டைப் புறா உட்கார்ந்திருந்தது.

"வத்தலக்குண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டும், வீட்டக் கண்டுபிடிச்சு வந்துருச்சு பாரு."

முதலில் குரலில் பெருமைதான் இருந்தது. "திரும்ப வந்துருச்சு," என்று இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த மாத்திரைய எடு."