அக்கா பூட்ட விடாத கதவு

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது நான் நழுவப் பார்த்தேன். அத்தான் விடவில்லை. “ஒன்னையத்தான் அவ அதிகமா திட்டியிருக்கா. நீதான் எழுதணும்” என்றார். நியாயம்தான். திட்டு வாங்கியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

அக்கா பத்து காவான் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அங்கே தோட்டத் தொழிலாளி. தோட்டம் கைமாறியதும் ஜார்ஜ்டவுனுக்கு வந்து ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். நான் படித்து முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். அவர் இருந்தவரை இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

திருமணமாகி மகள் பிறந்தபின் அக்கா வேலைக்குத் திரும்பினார். குழந்தையைக் கீழ்மாடியில் ஓர் அம்மா பார்த்துக்கொண்டார். ஒருநாள் காலை அக்கா போய் நின்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த அம்மாவின் சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள். குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் சாலையில் தொழிற்சாலைப் பேருந்து ஹாரன் அடிக்கிறது, அக்காவின் இடுப்பில் குழந்தை. பேருந்து போய்விட்டது. அந்த மாதத்தில் அப்படி விடுப்பு எடுத்தது மூன்றாவது முறை என்பதால் வேலையும் போய்விட்டது.

நாங்கள் வேறு வேலை தேடச் சொன்னோம். அக்கா தாஸ்கா வைக்கப் போவதாகச் சொன்னார். குழந்தைகள் காப்பகம் என்றால் நாலு பாயும் ஒரு தொட்டிலும் போதும் என்று நான் கிண்டல் செய்தேன். அவரோ பயிற்சிக்குப் போனார், உரிமம் வாங்க ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார், பாயான் லெப்பாஸில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்குப் பிடித்தார். காலை ஷிப்டுக்குப் போகும் தாய்மார் வரும் நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், எது நடந்தாலும் திறந்திருக்க வேண்டும். அவர் வைத்த ஒரே சட்டம் அதுதான்.

முதல் வருடமே அந்தச் சட்டத்துக்கு ஆபத்து வந்தது. வேலைக்கு வெளியாள் எதற்கு, நம் பிள்ளைகளே இருக்கட்டும் என்று அத்தை மகள், சித்தி மகள் என்று சொந்தத்திலேயே எல்லாரையும் சேர்த்திருந்தார். தைப்பூசம் வந்தது. எல்லாருக்கும் பால்குடம்! வேண்டுதலுக்குப் போகாதே என்று யாரைத் தடுப்பது? ஊருக்கு விடுமுறை, தொழிற்சாலைக்கு இல்லை. மலாய்க்காரத் தாய்மாரும் சீனத் தாய்மாரும் வழக்கம்போல் வந்து நிற்கிறார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டார். அதுவரை ஒரு குழந்தைக்குக்கூட அணையாடை மாற்றியிராத நான் அன்று மாலைக்குள் அதில் தேர்ந்துவிட்டேன். முதலாவதைப் பின்பக்கம் முன்னாக மாட்டினேன் என்பதை அக்கா சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அதன்பின் அவர் ஆள் சேர்த்த விதமே வேறு. மலாய்க்காரர் இருவர், சீனர் ஒருவர், நம்மவர் ஒருவர். யாருக்குப் பெருநாள் வந்தாலும் மற்றவர்கள் தாங்கினார்கள். ஒருவருக்குத் தெரிந்த வேலை இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்தார். அதனால் நால்வரும் அவரை விட்டுப் போகவே இல்லை. இன்னும் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தால் புதுக் காரே வாங்கலாமே என்று நான் ஒருமுறை யோசனை சொன்னேன். “தம்பி, ஒரு ஆளுக்கு கை ரெண்டுதான் லா. நீ ஆபீஸ்ல போயி ஒன் மூளைய காட்டு” என்றார்.

மாதத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவார். பாலிக் புலாவில் என் வீட்டுக்கு வந்து, கைப்பேசியை அணைத்துவிட்டு டுரியான் பழம் தின்பார். “நான் இல்லாம ஓடுதான்னு பாக்கணும். ஓடலன்னா அது தாஸ்கா இல்ல, நான் கட்டிக்கிட்டு அழுவுற சுமை” என்பார். நோய் வந்த பிறகு அந்த ஒருநாள் வாரத்தில் ஒருநாளானது, பிறகு முழு வாரமானது. தாஸ்கா ஓடியது. மலாயில் அக்காவைக் ‘காக்’ என்பார்கள்; மூத்த பணியாளரான காக் லீனா பொறுப்பைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மூடினார். மறுநாள் இறுதிச் சடங்கு. “சாவு வீட்டுக்காரங்க தொழில தொறந்தா நல்லாவா இருக்கும்?” என்று பெரியவர்கள் கேட்டார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. நாளை மூடிவிடுங்கள் என்று காக் லீனாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் அழுதுகொண்டே, அக்காவிடம் கற்றுக்கொண்ட தமிழில், “தக் போலே தம்பி, முடியாது. அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

திங்கள் காலை ஆறரைக்கு ஒரு பூட்டை எடுத்துக்கொண்டு தாஸ்காவுக்குப் போனேன். மூடிவிட்டு வந்துதான் மறுவேலை என்று இருந்தேன். வாசலில் சீருடையில் ஒரு தமிழ்ப்பெண், கைக்குழந்தையோடு தயங்கி நின்றாள்.

“காக், நீங்கல்லாம் சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்திருப்பீங்களே. பச்சப்புள்ள...” என்று இழுத்தாள்.

“நாங்க நாலு பேரும் போகல மா. இன்னைக்கும் போக மாட்டோம்” என்றார் காக் லீனா. “போனா நீங்க புள்ளய குடுக்க யோசிப்பீங்கன்னு அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க. பயப்படாத, குடு.”

அந்தப் பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினாள். காக் லீனா என்னைப் பார்த்தார். சாவு வீட்டிலிருந்து வந்தவன் நான். படிக்குக் கீழேயே நின்றேன். “அக்கா முகம் எப்படி இருக்கு தம்பி?” என்று கேட்டார். தூங்குவதுபோல் இருக்கிறது என்று சொன்னேன். பூட்டோடு திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மயானத்தில், “இத்தனை வருஷம் சோறு போட்டவ, தாஸ்காவுலேருந்து ஒருத்தர்கூட வரல பாரு, நன்றிகெட்டதுங்க” என்று உறவினர்களான உங்களில் சிலர் என் காதுபடப் பேசினீர்கள். நான் எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஓராண்டாக அது என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் முன்னிலையில் அந்த நால்வரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் அக்காவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அத்தானுக்கும் மகளுக்கும், சடங்குகளை முன்னின்று நடத்திய பெரியவர்களுக்கும், எங்கிருந்தெல்லாமோ வந்து தோள் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று வராமல் இருந்த அந்த நான்கு பேருக்கும் நன்றி.