சுத்தக்காரர் கப்பலேறிய துறை

காலை 10.15. ஈஸ்ட் ஹாமில் நானும் மனைவி கௌரியும் டிஸ்ட்ரிக்ட் ரயில் ஏறினோம். வைட்சப்பலில் மாறி, தேம்ஸுக்கு அடியால் போனால் ரொதர்ஹைத். ஆளுக்கு இரண்டு பவுண் சொச்சம். மனைவியைப் பயமுறுத்த இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

விசயம் இதுதான். எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விழாவில் முட்டை போட்ட கேக் வெட்டப்பட்டுவிட்டது. அதோடு பன்னிரண்டு குடும்பங்கள் கோபித்துப் பிரிந்து, வேல்ஸில் பழைய பண்ணையொன்றை வாங்கிச் சுத்த சைவக் குடியிருப்பு அமைக்கின்றன. மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதைத் தின்பவருக்கும் அங்கே இடமில்லை. கௌரி போவதென்று முடிவெடுத்துவிட்டாள். கேக் வாங்கிக்கொடுத்த புண்ணியவான் நான்தான்.

11.05. ரொதர்ஹைத் ஆற்றங்கரை. தேம்ஸ் வற்றி, சேறு தெரிந்தது. திருச்சபையில் சுத்தம் போதாதென்று பிரிந்த பியூரிட்டன்கள் என்ற சுத்தக்காரர்களுக்காக 1620இல் மேஃபிளவர் கப்பல் இந்தத் துறையிலிருந்துதான் புறப்பட்டது. வழியில் மற்றத் துறைகளிலும் ஆளேற்றிக்கொண்டு போனது. அமெரிக்கக் கரையில் அவர்கள் தங்களுக்கென்று ஓர் ஊர் அமைத்தார்கள்.

“இஞ்சாரும், போன சனத்தில அரைவாசி முதல் குளிருக்கே செத்துப்போச்சுது” என்றேன்.

“மற்ற அரைவாசி?”

“இருந்திச்சினம்.”

“பிறகென்ன!”

“கப்பல் திரும்பி வரேக்க அவையளில ஒருத்தர்கூட…” நாக்கைக் கடித்தேன். பிந்திவிட்டது.

“ஏறேல்லையோ?”

“ஏறேல்லை.”

அவள் முகம் மலர்ந்தது. வழக்குக்கு நானே கொண்டுவந்த சாட்சி எனக்கே எதிராகச் சொல்லிவிட்டுப் போனது.

12.30. ஆற்றோர மதுச்சாலையில் மீன் பொரியும் மணம். நான் சிப்ஸ் மட்டும் வாங்கினேன், ஐந்தரைப் பவுண். “இண்டையில இருந்து நானும் சைவம். என்னையும் கூட்டிக்கொண்டு போம்” என்றேன். சிரிக்காமல் நான் சொன்ன ஒரே வசனம் அதுதான்.

பரிமாறிய பெண் எங்கள் ஆள் என்று கௌரி கண்டுகொண்டாள். “பிள்ளை, இது மீன் பொரிச்ச எண்ணெயோ?”

“ஓம் அன்ரி, எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்தான்.”

என் சைவம் நாலு துண்டு சிப்ஸ் வரை நீடித்தது. கௌரி கண்ணில் நீர்வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை.

“உங்களால ஏலாதப்பா. ஏலாததைச் சத்தியம் பண்ணவும் வேண்டாம். சனிக்கிழமை காரில கொண்டுபோய் விடுங்கோ, போதும்.”

வெளியே வந்தோம். மதுச்சாலைக்கு எதிரே இருந்த பழைய தேவாலய வாசலில் நின்று கேட்டாள்: “அந்தக் கப்பலை ஓட்டினவர் என்னானவர்?”

“அவர் சுத்தக்காரர் இல்லை. அவையளை இறக்கிப்போட்டுத் திரும்பி வந்தவர். அடுத்த வருசம் செத்துப்போனார். இந்தக் கோயிலடியிலதான் தாட்டது.”

அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

பிற்பகல் 2.40. மறுபடி ஈஸ்ட் ஹாம். ஹை ஸ்ட்ரீட்டில் மீன்கடைக்காரர், “அண்ணை, விளைமீன் வந்திருக்கு” என்று கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக நிற்காமல் நடந்தேன்.

இரவு கைபேசியில் வழி பார்த்தேன். பண்ணைக்குப் போக நாலரை மணி நேரம் என்றது. திரும்பி வரவும் அதே நாலரை மணி என்றது. பாவம், அது காலியான பக்கத்து இருக்கையைப் பார்த்ததில்லை.