ஒற்றை விரலுக்குப் போன மின்விசிறி

இது நடந்த கதை. ஒரு சொட்டுப் பொய்கூடக் கலக்கவில்லை. சரி, முறைக்காதீர்கள், ஒரு குடம் கலந்திருக்கிறேன். அடியில் கிடப்பது உண்மைதான்.

பெட்டகங்களுக்கு எண் பூட்டு செய்கிற கம்பெனி. பூட்டுக்குள் நகத்தளவு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். யாராவது தப்பான எண்ணை அழுத்தினாலோ, மூடியைக் கழற்றினாலோ, அது உடனே தனக்குள் பதிந்துகொள்ள வேண்டும். பதிகிறதா என்று பார்க்க, நாள் முழுக்கப் பூட்டை நோண்ட ஒரு ஆள் வேண்டுமல்லவா? அவருக்குத்தான் 'திருடர்' என்று பெயர். வீட்டில் மனைவிகூட, "திருடர் வந்தாச்சு, பீரோவைப் பூட்டுங்க" என்பாள். அதைக் கேட்டு அவர் நெஞ்சு புடைத்து, சட்டைப் பொத்தான் தெறித்து, எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி உடையும்.

அந்த நெஞ்சில் நெருப்பை வைத்தவள் மனைவியின் தங்கை. அதே கம்பெனியில் இன்ஜினியர். ஒருநாள் காலையில், ரப்பர் நுனி வைத்த இரும்பு விரல் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேஜையிலேயே பொருத்திவிட்டாள். அது தானே எண்ணை அழுத்தும். பூட்டில் பதிந்ததைத் தானே படிக்கும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு, மணி.

"மாமா, இனிமே உங்களுக்கு விரலே வலிக்காது."

"எனக்கு வலிக்குதுன்னு உன்கிட்ட யாரு அழுதா?"

மதியத்துக்குள் அவருடைய மின்விசிறி விரல் பக்கம் திரும்பிவிட்டது. "மெஷின் சூடாகும்ல" என்றார் மேனேஜர். திருடர் சூடானதை யார் பார்த்தார்கள்? அவர் தலையில் தோசைக்கல்லை வைத்திருந்தால் அதுவே சிவந்திருக்கும். ஓரக்கண்ணால் விரலை அளந்தார். ஒரு நகம்கூட இல்லை, இதற்கு வந்த வாழ்வைப் பார்!

வீட்டில் அதற்கு மேல்.

"என் தங்கச்சியோட விரல் ஒரு நிமிஷத்துல நூறு தப்பு பண்ணுதாமே?" என்றாள் மனைவி.

"நான் ஆயுசுக்கும் ஒரே தப்புதான் பண்ணினேன். மாலை மாத்தி."

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

விரலுக்கு ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. மூடி கழன்றால் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கி மாட்டி இழுத்தும் விரலால் மூடியைக் கழற்ற முடியவில்லை. "சாயங்காலத்துக்குள்ள இதுவும் பச்சையானா, நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மச்சினி வேறு கொக்கி தேடிப் போனாள். மூடி கழன்ற பதிவு எப்போது வரும் என்று சோதனை ஓடியபடியே காத்துக்கொண்டிருந்தது.

அறையில் திருடரும் விரலும் மட்டும். பூட்டுக்குள் ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டால் போதும், செத்த பூட்டைக் குத்திக் குத்தியே விரலின் மானம் போகும். திருப்புளியை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைக் கழற்றினார்.

இத்தனை வருஷம் அவர் சோதித்ததே அதைத்தான். மூடி கழன்றால் பதிவாகும்! பொறாமை அதை மறைத்துவிட்டது. பூட்டு பதிந்துகொண்டது, சோதனை அதைப் படித்தது, பச்சை விளக்கு எரிந்தது. மணி அடித்த அடியில் மூன்று தெரு நாய்கள் ஓடின.

எல்லோரும் ஓடிவந்து கைதட்டினார்கள், விரலுக்கு!

வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வார். மூடிக்கொண்டால் பேக்கிங். அந்த மின்விசிறிக் காற்றில் விரல் ஒய்யாரமாக நிற்பதைப் பார்த்தார். பொறுக்கவில்லை.

"அது கழட்டலை! நான்தான் கழட்டினேன்!"

"எதுக்கு மாமா?"

"ஒயரைப் பிடுங்கத்தான். அதுக்குக் கைதட்டுறீங்களே, திருப்புளி பிடிக்கத் தெரியுமா அதுக்கு?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் மச்சினி சிரித்துவிட்டாள். "சார், விரல் அழுத்தட்டும், மாமா கழட்டட்டும். இவ்வளவு வயித்தெரிச்சலோட கழட்டுற மெஷின் எனக்குச் செய்ய வராது."

பேக்கிங் தப்பியது. இப்போதும் விளக்கு பச்சையானால் கைதட்டல் விரலுக்குத்தான். மின்விசிறியை நடுவில் வைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்காதபோது திருடர் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

கேன்டீனில் நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர் மேஜையைத் தட்டினார். "ஒயரைப் பிடுங்கப் போனவனுக்கு வேலையா? அதே இடத்துல நான் பிரேக் ஒயரைப் பிடுங்கியிருந்தா?"

"உன் வண்டியில பிரேக் இருக்கா முதல்ல?" என்றாள் பேக்கிங் அக்கா. "மச்சினி வேணும்னேதான் வெளிய போனா. மாமனைக் காப்பாத்த."

"போக்கா, கொக்கி எடுக்கப் போனா!"

"கொக்கி மேஜைக்கு அடியிலயே கிடந்துச்சு, நான் பார்த்தேன்!"

"நீ எதைப் பார்த்தே? அன்னிக்கு நீ லீவு!"

"யாருடா லீவு?" என்று அக்கா எழுந்த வேகத்தில் பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் தரையில் கிடந்தார்.