பாறசாலைக்கு அப்பால் நான் செத்துப்போன வியாழக்கிழமை

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நாகர்கோவில் வடசேரியிலிருந்து வில்வண்டியில் கிளம்பினேன். போகவேண்டிய இடம் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் பெருங்கடவிளை. அங்கே மறுநாள் மாலை நாலரை மணிக்கு முகூர்த்தம் முடிவதற்குள் வெற்றிலை மாற்றி என் மகளுக்கு நிச்சயம் செய்தாக வேண்டும். இதற்கு முன் இரண்டு இடம் கூடிவந்து தட்டிப்போயிற்று. மூன்றாவதும் தட்டினால் ராசியில்லாத பெண் என்று ஊரே முத்திரை குத்திவிடும். அவளைத் தவிர எனக்கு வேறு பிள்ளை கிடையாது.

பதினெட்டு மைல் தாண்டிக் குழித்துறை வருவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. மூன்று மாதமாக நாரிப்பிடிப்பு. கட்டிலில் படுத்தாலும் வலி, தரையில் படுத்தாலும் வலி. சத்திரத்தில் அன்றைக்கும் பொட்டுத் தூக்கம் இல்லை. இனி வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வியாழன் காலை ஆறு மணி. சத்திரத்துக்காரர் மஞ்சல் பிடித்துத் தந்தார். கிழக்கே பாண்டிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நீண்ட கழி, அதன் இரு முனைக்கும் இழுத்துக் கட்டிய கித்தான் துணி, தொட்டில் மாதிரி அதற்குள்ளே ஆள், தூக்க நாலு பேர். ஆளுக்கு மூன்று பணம் கூலி.

"நாலு பேரு தோளுல ஏறுகது மனுசனுக்கு ஒரு தடவையாக்கும். அதுக்கு எனக்கு இன்னும் நாளு உண்டு" என்றேன்.

தூக்குகிறவர்களில் மூத்தவன் வேலப்பன் சிரித்தான். "பெரிய உத்தியோகஸ்தம்மாரு எல்லாம் இதுலயாக்கும் போறது, ஏமானே. கேறுங்க."

வேறு வழியில்லாமல் ஏறினேன். குளிர்காற்று காதில் புகாமலிருக்கத் துண்டைத் தலையோடு தாடையையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆற்றைக் கடந்து களியக்காவிளை வழியாகப் பாறசாலை ஏழு மைல். ஒன்பது மணிக்குப் பாறசாலையைத் தாண்டி, கொல்லயில் பக்கம் ஒரு தென்னந்தோப்பை அடைந்தோம். தூக்குகிறவர்கள் கஞ்சி குடிக்க வேண்டும். என்னை இறக்குவார்கள் என்று பார்த்தால், கழியை உருவி, துணியின் இரு முனையையும் ஒரு பலாவுக்கும் அயனி மரத்துக்கும் நடுவே கட்டிவிட்டார்கள்!

"விழுந்துடுவேன்லே!" என்று கத்தினேன்.

"ஆனையைக் கிடத்துனாலும் அறாது. ஈ கடிக்காம இதை மூடிக்கிடுங்க" என்று வேலப்பன் ஒரு வெள்ளை வேட்டியை என் மேல் போர்த்திவிட்டுப் போனான்.

கழுத்துவரை இழுத்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தேன். வலி வரவில்லை! முதுகு வளைந்த வாக்கில் துணியும் வளைந்து கொடுத்தது. தலைக்கு மேலே பலா இலைகள், அடியில் காற்று, லேசான ஆட்டம். அட, இத்தனை வருஷம் எதற்குக் கட்டிலுக்கும் மெத்தைக்கும் அழுதோம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் ஞாபகம்.

ஒப்பாரி கேட்டுக் கண் விழித்தேன். மணி பதினொன்று இருக்கும். நெஞ்சின் மேல் துளசியும் தெற்றிப்பூவும் கிடந்தன. தலைமாட்டில் உடைத்த தேங்காய் முறியில் எண்ணெய் ஊற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் இருபது பேர். வெளியூரில் செத்தவனை இந்தப் பக்கம் மஞ்சலில்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வழியில் பிறத்தியார் மண்ணில் கிடத்தக்கூடாதென்று மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்களாம். வெள்ளை வேட்டி, கட்டிய தாடை, அசையாத ஆள். போதாதா?

"ஐயோ, எந்த ஊருக்காரனோ, வழியில போய்ச் சேர்ந்துட்டானே" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"எலே, பொணம் எழும்பிட்டு!" என்று யாரோ அலற, இருபது பேரும் பறந்தார்கள். தோப்புக்காரர் மட்டும் கால் ஓடாமல் நின்றுவிட்டார். கஞ்சி குடித்த அசதியில் கடையிலேயே கண்ணயர்ந்திருந்த வேலப்பன் கூச்சல் கேட்டு ஓடிவந்து என்னைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் அவர் கிட்டே வந்து நடந்ததைச் சொன்னார்.

"பெருங்கடவிளையில இருந்து உங்கள எதிரேற்க ஒரு காரியஸ்தன் வந்தாரு. இது வடசேரி பிள்ளையாக்கும், இன்னைக்கு நிச்சயத்துக்கு வந்தவராக்கும்னு மாரில அடிச்சு அழுதாரு. சேதி சொல்ல ஓடிப்போய் அரைமணி நேரம் இருக்கும்."

அட பாவி மனுஷா! மூக்கில் விரல் வைத்துப் பார்க்கக்கூடாதா? நிச்சய நாளில் பெண்ணின் அப்பன் வழியில் செத்தான் என்றால், அவளை இனி எவன் கட்டுவான்?

"தூக்குங்கலே! எனக்க சாவுச் சேதி எனக்கு முன்னால போகுது!" என்று கத்தினேன்.

ஓட்டமாக ஓடினார்கள். பன்னிரண்டரை மணிக்கு ஒரு வயல் வரப்பில் முன்னால் போன ஒருவன் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிசக்கிக்கொண்டான். மீதமுள்ள மூன்று பேரால் தூக்க முடியவில்லை. இன்னும் இரண்டு மைல். என்னால் பத்தடி நடக்க முடியாது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், வெட்கமென்ன இதில்?

எதிரே ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தான். பின்னால் மூங்கிலும் கோடித்துணியும் சுமந்து இரண்டு பேர். முன்னால் வந்தவன் ஆறுமுகம், என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை. என்னைக் கண்டதும் பேயடித்தவன்போல் நின்றுவிட்டான்.

"மாமா... நிங்க... உயிரோடயா?"

"உயிரோடதான் மக்கா! தூங்கிட்டேன். வீட்டுல என்ன சொல்லியாச்சு?"

அவன் தலை குனிந்தான். "அப்பா சம்மந்தம் வேண்டாம்னு சொல்லியாச்சு. வாசல்ல நட்ட வாழையையும் பிடுங்கிப் போட்டாச்சு."

"பின்னே நீ எதுக்குப்பா ஓடிவந்தே?"

"உங்களுக்கு ஆம்பிளப்பிள்ள கிடையாதே மாமா. ஒருத்தனாவது தோள் கொடுக்காண்டாமான்னு வந்தேன்."

அவன் மேல்துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்தான். வேலப்பன் பதறி, "ஐயோ, கூடாது, பின்னால வந்தவம்மாரு தூக்கட்டும், நாட்டுக்காரு பரிகசிப்பாவ" என்றான். ஆறுமுகம் கேட்கவில்லை. விழுந்தவன் விட்ட முன்கழியில் தோள் கொடுத்துத் தூக்கினான்.

இரண்டு மணிக்குப் பெருங்கடவிளை. வாசலில் பெரும் கூட்டம். நிலபுலன் உள்ள வீட்டுப் பையன் கூலிக்காரர்களோடு கழி சுமந்து வருவதைப் பார்த்து அவன் அப்பா படி இறங்கி ஓடிவந்தார். அந்த மஞ்சலுக்குள்ளிருந்து நான் எட்டிப்பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொய்ச் சாவு கேட்டா ஆயுசு நூறும்பாவ. அப்பனுக்கே ஆயுசு கூட்டுன பொண்ணாக்கும்" என்றார். காலையில் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டார் மனுஷன்! பிடுங்கிய வாழைகளைத் திரும்ப நடச் சொன்னார். நாலு மணிக்கு, சாய்ந்து நின்ற அந்த வாழைகளுக்கு நடுவே வெற்றிலை மாற்றினோம்.

எனக்குக் கட்டில் போட்டார்கள். வேண்டாமென்று அவர்கள் மாந்தோப்பில் மஞ்சலைக் கட்டச்சொல்லி இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். சம்பந்தியும் ஒரு மத்தியானம் ஏறிப் பார்த்தார். இறங்க மனமில்லாத அவரை இறக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஊர் திரும்பும்போது இரண்டரைக் கோல் கித்தான் வாங்கிவந்தேன். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் சத்திரம் தேடுவதில்லை; இரண்டு மரம் இருந்தால் போதும். தாடையை மட்டும் கட்டுவதில்லை.

என் மனைவிக்கு இது ஆகாது. மஞ்சலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அபசகுனம் என்று திட்டுகிறாள். நான் இன்னும் கொஞ்சம் ஆடிக்கொள்வேன். கடைசியில் எனக்கு யார் தோள் கொடுப்பார்கள் என்று எத்தனையோ நாள் உள்ளுக்குள் அழுதிருக்கிறேன். அந்தத் தோளை நான் கண் திறந்திருக்கும்போதே பார்த்துவிட்டேன். வலது தோள், கழி உரசித் தோல் வழன்று சிவந்திருந்தது.