தொடை வழியாக நிறுத்திய ரத்தம்

என் கணவர் பீளமேட்டில் ஒரு மில்லில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன் அவருக்கு வந்த காசநோய் மருந்தில் குணமாகிவிட்டது. சென்ற வருடம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் இருமினார். தட்டெல்லாம் ரத்தம். போன் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் டாக்ஸியை வரவழைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"பழைய நோய் விட்டுப்போன தழும்புல ரத்தக் குழாய் ஒடைஞ்சிருக்குதுங்க. ஆபரேஷனை இவரு தாங்கமாட்டாரு. தொடையில துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாவே மெல்லிய டியூபை அனுப்பி ஒடைஞ்ச எடத்தை அடைச்சுப் பார்க்கலாமுங்க" என்றார் டாக்டர்.

"நெஞ்சுல ஒடைஞ்சதுக்குத் தொடையிலயாங்க?"

"எல்லாம் ஒரே பாதைதானுங்கம்மா. இப்பச் செய்யலைன்னா ரத்தமே மூச்சை அடைச்சுபோடும்."

கையெழுத்துப் போட்டேன். வெளியே நின்றபோது எனக்கு அழுகைகூட வரவில்லை.

ரத்தம் நின்றது. முழு மயக்கம் கொடுக்காததால் விழித்தே இருந்தவர், "என்ற ரத்தக் குழாயை நானே அங்கிருந்த டிவியில பார்த்தேன் அம்மணி, மரக்கெளையாட்ட இருந்துச்சு" என்றார். பிறகு மெதுவாக, "ஒரு வாரமாவே சளியில ரத்தம் வந்துச்சு. நீ பயந்துக்குவீன்னு தண்ணி ஊத்திக் கழுவிபோட்டேன்" என்றார்.

இப்போது அவர் இருமித் துப்பினால் நான் போய்ச் சளியைப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் அவர் தண்ணீர் ஊற்றலாம்.